துண்டான விரல், நசுங்கிய கை: மறுசீரமைப்பு அறுவைச் சிகிச்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவர் பிரஸ், லேத், மரம் அறுக்கும் வாள், தீவனப்புல் வெட்டும் இயந்திரம், கரும்புச்சாறு பிழியும் உருளை, விசைத்தறி, வீட்டுக் கிரைண்டர், பட்டாசு என்று கையைச் சிதைக்கக்கூடியவை நம்மைச் சுற்றி நிறையவே இருக்கின்றன. காயம்பட்டவரும் அவரை அழைத்துவரும் உறவினரும் அவசரத்தில் கேட்கும் கேள்விகளையும், வார்டிலும் அதன் பிறகான மாதங்களிலும் கேட்கும் கேள்விகளையும் இங்கே தொகுத்திருக்கிறோம். ஒட்டவைத்த விரல் உயிரோடு இருப்பது பாதி வெற்றிதான். அது மடங்கி, பொருளைப் பிடித்து, சூடும் குளிரும் உணர்ந்து வேலை செய்யும்போதுதான் சிகிச்சை முழுமை பெறுகிறது. கீழே உள்ள பதில்கள் பலவற்றுக்கும் இதுவே அடிப்படை.

விரல் துண்டாகிவிட்டால் உடனே செய்ய வேண்டியது என்ன?

முதலில் இயந்திரத்துக்கு வரும் மின்சாரத்தை நிறுத்துங்கள். கை உருளைகளுக்கு நடுவே சிக்கியிருந்தால் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தால் தசைநாண்களும் (தசையை எலும்போடு இணைக்கும் நார்க்கயிறுகள்) நரம்புகளும் வேரோடு பிடுங்கப்பட்டதுபோல் முன்கையிலிருந்தே உருவிக்கொண்டு வந்துவிடலாம். உருளைகளைத் தளர்த்திக் கழற்றித்தான் கையை விடுவிக்க வேண்டும்.

ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை மடித்து வைத்து உள்ளங்கையால் விடாமல் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்தால் பெரும்பாலான ரத்தப்போக்கு நின்றுவிடும். நிற்கிறதா என்று நிமிடத்துக்கொரு முறை துணியை விலக்கிப் பார்ப்பதால்தான் பலருக்கு ரத்தம் நிற்பதில்லை. விரலடியில் ரப்பர் பேண்ட், நூல், கம்பி எதையும் இறுக்கிக் கட்டக் கூடாது. காபித்தூள், மஞ்சள்தூள், சாம்பல் ஆகியவற்றைக் காயத்தில் வைக்கவே கூடாது. அவற்றைக் கழுவி எடுப்பதற்கே அறுவை அரங்கில் நேரம் போகிறது, எடுத்த பிறகும் தொற்று வரும் ஆபத்து நீங்குவதில்லை. விரல் ஒரு சிறு தோலில் மட்டுமே தொங்கிக்கொண்டிருந்தாலும் அதை வெட்டி எடுத்துவிடாதீர்கள். அந்தச் சிறு தோலுக்குள், ரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் குழாயான சிரை ஒன்று ஓடிக்கொண்டிருக்கக்கூடும். விரலை நேராக வைத்துத் துணி சுற்றி அப்படியே அழைத்து வாருங்கள்.

மயக்கமருந்து தேவைப்படலாம் என்பதால் வழியில் டீ, பால், சாப்பாடு எதுவும் கொடுக்க வேண்டாம். பதற்றத்தில் இருப்பவருக்கு ஒரு வாய் காபி கொடுக்கத் தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்த ஒரு வாய் காபியே அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட வைக்கலாம்.

துண்டான பகுதியை எப்படி எடுத்துவர வேண்டும்?

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. துண்டான விரலை ஐஸ் கட்டிகளுக்கு நடுவே நேராகப் போட்டு எடுத்துவருகிறார்கள். அப்படிச் செய்தால் திசு உறைந்து, ரத்தக்குழாயின் உட்சுவர் கெட்டுப்போகிறது; அதன் பிறகு அந்த விரலை ஒட்டவைக்க முடியாமல் போகலாம். தண்ணீர்ப் பாத்திரத்தில் மூழ்க வைத்து எடுத்துவந்தால் தோல் ஊறி வெளுத்துவிடுகிறது.

சரியான முறை எளிது. விரலில் மண்ணோ எண்ணெயோ இருந்தால் சலைனிலோ (கிருமியற்ற உப்புநீர்) சுத்தமான தண்ணீரிலோ ஒருமுறை அலசுங்கள்; தேய்க்க வேண்டாம். சலைனில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியில் அதைச் சுற்றுங்கள். அந்தப் பொதியைக் கிழிசல் இல்லாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்று புகாமல் முடிச்சுப் போடுங்கள். பிறகு ஐஸ் கட்டியும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையிலோ பாத்திரத்திலோ அந்தப் பையை வையுங்கள். விரலுக்குக் குளிர்ச்சி போய்ச் சேர வேண்டும், ஐஸ் அதைத் தொடக் கூடாது. பொதியின் மீது விரல் துண்டான நேரத்தை எழுதி ஒட்டினால் மருத்துவருக்கு மிகவும் உதவியாக இருக்கும்.

நசுங்கிப்போனது, இனி உதவாது என்று நீங்களே முடிவுசெய்து எந்தத் துண்டையும் விட்டுவிட்டு வராதீர்கள். ஒட்டவைக்க முடியாத விரலிலிருந்தும் தோல், நகத்தின் அடித்தளம், நரம்பு, எலும்பு ஆகியவற்றை எடுத்துப் பக்கத்து விரலைச் சரிசெய்யப் பயன்படுத்த முடியும்.

எவ்வளவு நேரத்துக்குள் மருத்துவமனைக்கு வர வேண்டும்?

எந்த இடத்தில் துண்டானது என்பதைப் பொறுத்து இது மாறும். ரத்த ஓட்டம் நின்றதும் முதலில் கெட்டுப்போவது தசை. விரலில் தசை கிடையாது. தசைநாண், எலும்பு, தோல், நரம்பு, குழாய்கள் மட்டுமே உண்டு. அதனால் துண்டான விரல், குளிர்விக்காமல் இருந்தால் ஏறத்தாழ 12 மணி நேரமும், முறையாகக் குளிர்வித்தால் ஏறத்தாழ 24 மணி நேரமும் தாங்கும். மணிக்கட்டுக்கு மேலே முன்கையிலோ மேற்கையிலோ துண்டானால் தசை அதிகம் என்பதால், குளிர்விக்காத நிலையில் 6 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்பியாக வேண்டும். கெட்டுப்போன தசைக்குள் தாமதமாக ரத்தத்தைப் பாய்ச்சினால் அதிலிருந்து வெளிவரும் நச்சுப்பொருள்கள் சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் கையைக் காப்பாற்றப் போய் உயிருக்கே ஆபத்தை வரவழைக்கக் கூடாது என்று மருத்துவர்கள் மறுப்பதுண்டு.

எந்த மருத்துவமனைக்குப் போவது?

நுண்ணோக்கியின் கீழ் ரத்தக்குழாய்களைத் தைக்கும் வசதியும் அந்தப் பயிற்சி பெற்ற பிளாஸ்டிக் அல்லது கை அறுவைச் சிகிச்சைக் குழுவும் இருக்கும் இடத்துக்கு நேராகப் போவதே நல்லது. கூட்டமாகச் சென்று மூன்று மருத்துவமனை ஏறி இறங்குவதைவிட, முதலுதவி செய்யும் அருகிலுள்ள மருத்துவமனையிலிருந்தே தொலைபேசியில் பேசி உறுதிசெய்துகொண்டு புறப்படுவது நேரத்தை மிச்சப்படுத்தும். கைபேசியில் காயத்தின் படம், எக்ஸ்-ரேயின் படம் இரண்டையும் முன்கூட்டியே அனுப்பினால், அங்கே அறுவை அரங்கைத் தயார் செய்துவிடுவார்கள்.

தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு ஆழமான வேர் உண்டு. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மருத்துவர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவைச் சிகிச்சைத் துறை, இன்று கைக்கென்றே தனி நிறுவனமாக இயங்குகிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றத்தின் மூலம் நிமிர்த்தினார். கோவை கங்கா மருத்துவமனையில் எஸ். ராஜா சபாபதி உருவாக்கிய குழுவிடம் பிற நாட்டு மருத்துவர்களும் வந்து கற்கிறார்கள். தொழிற்சாலைகள் அடர்ந்த மாநிலத்தில் இந்தத் திறமை வளர்ந்திருப்பது நம் நல்வாய்ப்பு. ஆனால் சிற்றூரில் இருப்பவருக்கு அது உரிய நேரத்தில் எட்ட வேண்டுமே என்பதுதான் கவலை.

ஒரே ஒரு விரல்தான் போயிருக்கிறது. அதை ஒட்டவைக்க வேண்டாம் என்று மருத்துவர் ஏன் சொல்கிறார்?

குடும்பத்தாரை மிகவும் புண்படுத்தும் பதில் இது. செலவைக் குறைக்கவோ சிரமத்தைத் தவிர்க்கவோ சொல்கிறார்கள் என்று எண்ணத் தோன்றும். மருத்துவர் பார்ப்பது வேறொன்றை: ஒட்டவைத்த பிறகு அந்த விரல் கைக்கு உதவுமா, இடைஞ்சலாக இருக்குமா என்பதை.

கட்டைவிரல், ஒன்றுக்கு மேற்பட்ட விரல்கள், உள்ளங்கை அல்லது மணிக்கட்டு அளவில் துண்டான கை, குழந்தையின் எந்த விரலும் ஆகிய இவற்றை முடிந்தவரை ஒட்டவைக்கவே முயல்வார்கள். கட்டைவிரல் இல்லாத கையால் பாத்திரத்தைப் பிடிக்கவோ பொத்தான் போடவோ முடியாது என்பதால், நசுங்கியிருந்தாலும் அதைக் காப்பாற்றப் பாடுபடுவார்கள். விரலின் நடுமூட்டைத் தாண்டி, நுனிக்கு அருகில் நேராக வெட்டுப்பட்டதும் நன்றாகவே வேலை செய்யும்.

ஆள்காட்டி விரலோ சுண்டுவிரலோ மட்டும் அடிப்பகுதியில், மடக்கும் தசைநாண்கள் இரண்டும் ஒரே உறைக்குள் ஓடும் இடத்தில் துண்டானால் நிலைமை மாறுகிறது. ஒட்டவைத்தாலும் அது பெரும்பாலும் விறைத்தே நிற்கும், கையை மூடும்போது குறுக்கே நிற்கும், குளிர்காலத்தில் வலிக்கும். கையும் அதைத் தவிர்த்துவிட்டு நடுவிரலால் வேலை செய்யப் பழகிவிடும். மீன்பாடி வண்டி இழுப்பவருக்கோ கொத்தனாருக்கோ, ஆறு மாதம் வேலை இழந்து விறைத்த விரலைப் பெறுவதைவிட, துண்டான இடத்தை மூடித் தைத்து, மூன்று வாரத்தில் ஆறும் சுத்தமான மொட்டைவிரல் உதவியாக இருக்கலாம். ஆனாலும் இதில் நோயாளியின் சொல்லுக்கு இடமுண்டு என்றே நான் நினைக்கிறேன். வீணை வாசிப்பவருக்கும் திருமணத்துக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கும் விரலின் மதிப்பு வேறு. மருத்துவரிடம் உங்கள் தொழில் என்ன, எந்தக் கையால் செய்கிறீர்கள், எத்தனை மாதம் வேலையின்றி இருக்க முடியும் என்பதையெல்லாம் முதலிலேயே சொல்லுங்கள்.

வாளால் நேராக வெட்டுப்பட்ட விரலுக்கும் உருளையில் சிக்கிப் பிய்ந்த விரலுக்கும் பெருத்த வேறுபாடு உண்டு. பிய்ந்த விரலில் ரத்தக்குழாய் நீளவாக்கில் உட்புறமாகக் கிழிந்திருக்கும். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் தைத்த சில மணி நேரத்தில் அடைத்துக்கொள்ளும்.

அறுவை அரங்கில் என்ன நடக்கிறது? ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது?

பெரும்பாலும் தோள் அருகே ஊசி போட்டுக் கை முழுவதையும் மரக்கச் செய்வார்கள். குழந்தைகளுக்கும் நீண்ட அறுவைகளுக்கும் முழு மயக்கம் தேவைப்படும். காயமும் துண்டான பகுதியும் கழுவப்பட்டு, உயிரற்ற திசு அகற்றப்படும். எலும்பைச் சிறிது குறைத்து, கம்பியாலோ தகட்டாலோ நிலைநிறுத்துவார்கள். எலும்பு குறைந்தால்தான் குழாய்களையும் நரம்புகளையும் இழுப்பின்றி இணைக்க முடியும். பிறகு நீட்டும் தசைநாண், மடக்கும் தசைநாண், தமனி (விரலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்), நரம்பு, சிரை, கடைசியில் தோல் என்று வரிசையாக இணைப்பார்கள்.

விரலின் தமனி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் விட்டமுடையது. அதைத் தைக்கும் நூல் தலைமுடியைவிட மெல்லியது. கண்ணுக்குத் தெரியாது, நுண்ணோக்கியின் கீழ்தான் தெரியும். தமனியின் வட்டத்தைச் சுற்றி ஆறு முதல் எட்டுத் தையல்கள் போட வேண்டும். ஒரு தையல் எதிர்ச்சுவரையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் குழாய் அடைத்துப்போகும். தைக்கும்போது குழாயை மூடிவைத்திருந்த பிடிப்பான் எடுக்கப்பட்டதும் வெளுத்துக் கிடந்த விரல்நுனி மெதுவாக இளஞ்சிவப்பாக மாறும். அந்த நிறம் வந்த பிறகும், ரத்தத்தைத் திரும்ப அழைத்துவரும் சிரைகளைத் தைப்பது இன்னும் கடினமான வேலை; அவற்றின் சுவர் ஈரத்தாள்போல் ஒட்டிக்கொள்ளும். ஒரு விரலுக்கே பல மணி நேரம் ஆகும். நான்கு விரல்கள் என்றால் இரண்டு குழுக்கள் மாறி மாறி விடியும்வரை வேலை செய்வதும் உண்டு.

இந்த முறை எப்போது தொடங்கியது?

1962-ல் பாஸ்டனில் ரயிலில் சிக்கித் தோள் அருகே துண்டான ஒரு சிறுவனின் கையை ரொனால்ட் மால்ட் தலைமையிலான குழு இணைத்தது. 1963-ல் ஷாங்காயில் சென் சோங்வெய், இயந்திரத்தில் துண்டான தொழிலாளி ஒருவரின் கையை இணைத்தார். நுண்ணோக்கியைப் பயன்படுத்திக் கட்டைவிரலை முழுமையாக ஒட்டவைத்தது 1965-ல் ஜப்பானின் நாராவில் கொமாட்சுவும் தமாயும். இன்று நம் ஊரில் நள்ளிரவில் நடக்கும் அறுவை அதன் வழித்தோன்றல்தான்.

முதல் வாரம் வார்டில் ஏன் இவ்வளவு கட்டுப்பாடு?

முதல் சில நாட்களில்தான் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளும் ஆபத்து அதிகம். செவிலியர் மணிக்கொரு முறை வந்து நகத்தை அழுத்திவிட்டுக் கையை எடுப்பதைப் பார்ப்பீர்கள். அழுத்தும்போது வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பாகத் திரும்ப வேண்டும். நிறம் திரும்பவே இல்லை, விரல் வெளுத்துச் சில்லிட்டிருக்கிறது என்றால் தமனியில் அடைப்பு. உடனே மீண்டும் அரங்குக்குக் கொண்டுபோவார்கள். விரல் கருநீலமாக வீங்கி, அழுத்தியதும் நிறம் மிக வேகமாகத் திரும்பினால் சிரையில் அடைப்பு. அப்போது நகத்தின் ஓரத்தில் சிறிதாகக் கீறி ரத்தத்தை வடியவிடலாம். ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சிகளை விடுவதும் உண்டு. அட்டை உறிஞ்சும்போது ரத்தம் உறையாமல் செய்யும் பொருளையும் செலுத்துவதால், அது விழுந்த பிறகும் சில மணி நேரம் கசிவு தொடர்கிறது. அதற்குள் புதிய சிரைகள் வளர நேரம் கிடைக்கும். அட்டையின் குடலில் உள்ள ஏரோமோனாஸ் கிருமிக்காகத் தனி ஆன்டிபயாட்டிக் தரப்படும். அட்டை விடுதல் சித்த மருத்துவத்திலும் நெடுங்காலமாக இருந்துவரும் முறை என்பதால் நம்மவர்கள் இதைக் கண்டு அதிகம் மிரளுவதில்லை.

அறையை வெதுவெதுப்பாக வைத்திருப்பார்கள். குளிர் பட்டால் குழாய்கள் சுருங்கும். நோயாளியும் அவரைப் பார்க்க வருபவரும் பீடியோ சிகரெட்டோ புகைக்கவே கூடாது. நிகோட்டின், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தமனியைச் சுருக்கி அடைத்துவிடும். உறவினர் ஒருவர் கழிப்பறையில் ஒளிந்து பீடி வாங்கிக் கொடுப்பதை அன்பு என்று நினைக்கக்கூடும். விரலை இழக்கச் செய்வது அதுவாகவே இருக்கலாம். காபியையும் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள்.

மோதிரம் மாட்டி விரல் பிய்வது ஏன் அவ்வளவு கடுமையானது?

சுவர் ஏறிக் குதிக்கும்போதோ லாரியிலிருந்து இறங்கும்போதோ மோதிரம் எதிலாவது மாட்டிக்கொண்டால், உடலின் முழு எடையும் விரலின் தோலை உரித்துவிடும். எலும்பு அப்படியே இருக்க, தோலும் குழாய்களும் கையுறைபோல் கழன்று வந்துவிடும். முழுதாகக் கழன்றுவிட்டால், வேறு இடத்திலிருந்து சிரையை எடுத்து இணைப்பது போன்ற நீண்ட அறுவை தேவைப்படும். பலருக்கு மொட்டையாக்குவதுதான் நல்ல முடிவு. இயந்திரத்தில் வேலை செய்பவர் மோதிரத்தைக் கழற்றி வைப்பதால் தவிர்க்கக்கூடிய காயம் இது.

கிரீஸ் கன், பெயின்ட் கன் பட்டு ஒரு சிறு துளைதான் விழுந்தது. அதற்கு ஏன் உடனே அறுவை?

வெளியே தெரிவது குண்டூசிக் குத்தளவுதான். ஆனால் அதிக அழுத்தத்தில் பாய்ந்த பெயின்ட்டும் கரைப்பானும் தசைநாண் உறை வழியாக உள்ளங்கைக்கும் முன்கைக்கும் பரவி, திசுவை எரித்துக்கொண்டே போகும். முதல் சில மணி நேரத்தில் வலி அதிகம் இராது. அதனாலேயே பலர் வலிமாத்திரை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மறுநாள் விரல் கறுத்து வரும். பெயின்ட், தின்னர் வகைகள் கிரீஸைவிட மோசமானவை. இந்தக் காயம் எவ்வளவு சிறிதாகத் தெரிந்தாலும் அன்றே திறந்து கழுவியாக வேண்டும்.

விரல்நுனி மட்டும் போய்விட்டது. அதற்கும் பெரிய அறுவை வேண்டுமா?

எப்போதும் வேண்டியதில்லை. எலும்பு தெரியாமல், போன தோலின் அளவு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால், ஈரம் காக்கும் கட்டு மட்டும் போட்டு வைத்தாலே மூன்று முதல் ஆறு வாரத்தில் தானாக மூடிக்கொள்ளும். உணர்ச்சியும் நன்றாகத் திரும்பும். எலும்பு தெரிந்தால் பக்கத்துத் தோலை முக்கோணமாக வெட்டி முன்னே நகர்த்தி மூடுவார்கள். சாய்வாக வெட்டுப்பட்ட நுனிக்காக வெங்கடசாமியும் சுப்பிரமணியனும் 1980-ல் வெளியிட்ட சாய் முக்கோண மடல் முறை இன்றும் உலகெங்கும் அவர்கள் பெயரால் கையாளப்படுகிறது. நகத்தின் அடித்தளம் கிழிந்திருந்தால் அதை நுட்பமாகத் தைப்பது முக்கியம். விட்டுவிட்டால் நகம் பிளந்தோ கொக்கிபோல் வளைந்தோ வளரும்.

கையை வயிற்றோடு சேர்த்துத் தைக்கிறார்கள் என்கிறார்களே, அது எதற்கு?

வேறு இடத்திலிருந்து எடுக்கும் மெல்லிய தோல் ஒட்டு உயிர்பெற வேண்டுமானால் அடியில் ரத்தம் ஓடும் திசு இருக்க வேண்டும். வெறும் எலும்பின் மேலும் தசைநாணின் மேலும் அது ஒட்டாது. அங்கே சொந்த ரத்தக்குழாயோடு வரும் தடித்த தோல் மடல் தேவை. தொடையிடுக்கின் மேல்பகுதியிலிருந்து இத்தகைய மடலை எடுக்கும் முறையை மெக்ரெகரும் ஜாக்சனும் 1972-ல் விளக்கினார்கள். மடலின் ஒரு முனை உடலிலேயே இருக்க, மறுமுனையைக் கைக்காயத்தில் தைத்துவிடுவார்கள். ஏறத்தாழ மூன்று வாரத்தில் கையிலிருந்தே புதிய ரத்த ஓட்டம் வந்ததும் இணைப்பை வெட்டிப் பிரிப்பார்கள். அந்த மூன்று வாரம் எளிதல்ல. குளிப்பது, உடை மாற்றுவது, தூங்குவது எல்லாவற்றுக்கும் துணை வேண்டும். தோள் விறைக்காமலிருக்க அசைவும் தேவை.

தொடையிலிருந்து மடலையும் அதன் குழாய்களையும் முழுதாகப் பிரித்தெடுத்துக் கையின் குழாயில் நுண்ணோக்கியின் கீழ் இணைத்தால், ஒரே அறுவையில் முடியும். மறுவாரமே விரலை அசைக்கத் தொடங்கலாம். எந்த முறை என்றாலும் காயத்தை முதல் சில நாட்களுக்குள் மூடுவது நல்லது. தாமதிக்கத் தாமதிக்கத் தொற்றும் விறைப்பும் கூடும்.

கண்ணாடி கிழித்த சின்னக் காயம்தான், ஆனால் விரலை மடக்க முடியவில்லை. என்ன ஆகியிருக்கும்?

மடக்கும் தசைநாண் அறுந்திருக்கும். தோலை மட்டும் தைத்து அனுப்பிவிட்டால், அறுந்த முனை உள்ளங்கைக்குள் சுருங்கிப்போய்ப் பிறகு எட்டாது. ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியே மடக்கச் சொல்லிப் பார்க்காமல் எந்தக் கைக்காயத்தையும் தைக்கக் கூடாது.

விரலில் இந்தத் தசைநாண், பாவாடை மடிப்புக்குள் நாடா ஓடுவதுபோல் இறுக்கமான உறைக்குள் வழுக்கி ஓடுகிறது. தைத்த இடம் தடித்தால் உறையில் ஒட்டிக்கொள்ளும். அதனாலேயே ஒரு காலத்தில் அந்த இடத்தில் உடனடியாகத் தைக்கவே மறுத்தார்கள். அமெரிக்காவின் லூயிவில்லில் மருத்துவர் கிளைனர்ட்டின் குழு, தைத்த சில நாட்களிலேயே ரப்பர் பேண்ட் உதவியோடு விரலை அசைக்கவைத்து நல்ல பலன் கண்டதாக 1967-ல் வெளியிட்ட பிறகு நடைமுறை மாறியது. இன்றும் கொள்கை அதுதான்: வலுவாகத் தைத்து, கட்டுப்பாட்டோடு சீக்கிரமே அசைப்பது. முதல் ஆறு வாரம் பாதுகாப்பு ஸ்ப்லின்ட் (கையைத் தாங்கும் பட்டை) கட்டாயம். வாளி தூக்குவது, ஸ்பேனர் முறுக்குவது போன்றவை பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகே.

விரலில் உணர்ச்சி எப்போது திரும்பும்?

தைத்த நரம்பு நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும். மணிக்கட்டில் அறுந்த நரம்பு விரல்நுனியை எட்ட ஆறு மாதத்துக்கு மேல் ஆகும்; எட்டிய பிறகும் மூளை அந்தச் செய்திகளை மீண்டும் புரிந்துகொள்ளப் பழக வேண்டும். அதுவரை மரத்த விரலைக் காக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது. அடுப்பிலிருக்கும் பாத்திரத்தைத் தொட்டாலும் சுடாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். நரம்பு வளரும்போது மின்சாரம் பாய்வதுபோல் சுரீர் என்று இழுப்பது நல்ல அறிகுறி. நரம்பில் இடைவெளி இருந்தால் காலின் வெளிப்புறத்திலிருந்து ஒரு உணர்ச்சி நரம்பை எடுத்து வைப்பார்கள்; பாதத்தின் ஓரம் சிறிது மரத்திருக்கும், நடையைப் பாதிக்காது.

கட்டைவிரல் போய்விட்டது, ஒட்டவைக்கவும் முடியவில்லை. இனி என்ன வழி?

காலின் பெருவிரலையோ இரண்டாம் விரலையோ எடுத்து வைக்கலாம். கேட்டதும் திகைப்பவர்களே அதிகம். 1898-ல் ஆஸ்திரியாவின் நிகோலடோனி, கையைப் பாதத்தோடு பல வாரம் பிணைத்து வைத்து இதைச் செய்தார். 1960-களில் நுண்ணறுவை வந்த பிறகு குழாய்களை நேராக இணைத்து ஒரே அறுவையில் முடிக்க முடிந்தது. மாற்றிய விரலுக்கு உணர்ச்சி உண்டு, நகம் வளரும், அது மடங்கும். பெருவிரல் வலிமையும் தோற்றமும் தரும். இரண்டாம் விரலை எடுத்தால் பாதத்தின் இழப்பு குறைவு. நடப்பதும் செருப்பு அணிவதும் பெரும்பாலானோருக்கு இயல்பாகவே இருக்கும்.

பாதத்தைத் தொட விரும்பாதவருக்கு ஆள்காட்டி விரலை நகர்த்திக் கட்டைவிரலின் இடத்தில் வைக்கும் முறையும், மீதமுள்ள எலும்பைச் சிறுகச் சிறுக நீட்டும் முறையும் உண்டு. சிலிக்கான் செயற்கை விரல் தோற்றத்துக்கு உதவும், உணர்ச்சி தராது.

வேறொருவரின் கையைப் பொருத்த முடியுமா?

முடியும். 1998-ல் பிரான்சின் லியோனில் இது நடந்தது. இந்தியாவில் 2015-ல் கொச்சி அமிர்தா மருத்துவமனையிலும், 2018-ல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் இரு கைகளும் பொருத்தப்பட்டன. ஆனால் உடல் அதை நிராகரிக்காமலிருக்க வாழ்நாள் முழுவதும் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து சாப்பிட வேண்டும். அதனால் இரு கைகளையும் இழந்தவருக்கே முதன்மையாக இது பரிசீலிக்கப்படுகிறது. ஓரிரு விரல் இழந்தவருக்குப் பொருந்தாது.

பிசியோதெரபி எவ்வளவு நாள்? வலிக்கும்போது நிறுத்திவிடலாமா?

மாதக்கணக்கில். அறுவை முடிந்து கட்டைப் பிரித்த அன்றே விரல் நன்றாகிவிட்டது என்று வீட்டுக்குப் போய், மூன்று மாதம் கழித்து விறைத்த கையோடு திரும்பி வருபவர்களைப் பார்க்கும்போது மனம் மிகவும் வருந்துகிறது. அத்தனை மணி நேர உழைப்பும் அங்கே வீணாகிறது. தினமும் ஒருமுறை ஒரு மணி நேரம் செய்வதைவிட, விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்குச் சில நிமிடம் செய்வது பலன் தரும். சிறிது இழுக்கும் வலியைத் தாங்கிச் செய்யலாம். செய்த பிறகு வீக்கம் கூடி இரவெல்லாம் வலித்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். காயத்துக்குப் பொருந்தாத வலியும், தோல் பளபளத்து வியர்ப்பதும், தொட்டாலே தாங்காத எரிச்சலும் வந்தால் உடனே சொல்லுங்கள். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. தள்ளிப்போட்டால் கை இறுகிவிடும். எண்ணெய் தடவி முறுக்கி நீவிவிடுபவரிடம் இந்தச் சிகிச்சைக் காலத்தில் கையைக் கொடுக்காதீர்கள்.

குளிர் தாங்காத தன்மை ஒட்டவைத்த எல்லா விரலிலும் ஓரளவு இருக்கும். பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்குள் குறையும்.

செலவுக்கும் இழப்பீட்டுக்கும் என்ன செய்வது?

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை இருந்தால் சேரும்போதே காட்டுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எந்த அறுவை அடங்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டறியலாம். சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021-ல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் உண்டு.

இ.எஸ்.ஐ. இல்லாத சிறு பட்டறைத் தொழிலாளிக்கும் இழப்பீடு பெறச் சட்டப்படி உரிமை உண்டு; 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு (2020) நடைமுறையில் உள்ளது. அதன் அட்டவணை, கட்டைவிரல் முழுதாகப் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12 என்று சம்பாதிக்கும் திறனின் இழப்பைக் கணக்கிடுகிறது. விபத்து நடந்த இடமும் நேரமும் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் சரியாகப் பதிவாக வேண்டும்; ஏ.ஆர். காப்பி என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி சொன்னார் என்பதற்காக ‘வீட்டில் கதவில் நசுங்கியது’ என்று எழுதவைத்தால், பின்னால் எந்த உரிமையையும் நிலைநாட்டுவது கடினம்.

காயம் பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது ஏதாவது செய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஒட்டிக்கொண்ட தசைநாணை விடுவிக்கலாம். உறையே சிதைந்திருந்தால் முதலில் சிலிக்கான் தண்டு ஒன்றை வைத்துப் புதிய பாதை உருவாக்கி, ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து வேறு தசைநாணை அதில் செலுத்தலாம். சுருங்கிய தழும்பை விடுவித்துத் தோல் வைக்கலாம். மொட்டைவிரலின் நுனியில் தொட்டாலே துள்ளவைக்கும் நரம்பு முடிச்சை எடுத்து ஆழத்தில் புதைக்கலாம். நரம்பு அறுந்து ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டால் அது இயக்கிய தசை திரும்ப உயிர்பெறாது. அப்போது நரம்பைத் தைப்பதில் பயனில்லை என்றாலும், வேலை செய்யும் வேறொரு தசைநாணை அந்த விரலுக்கு மாற்றலாம். கால்விரல் மாற்றத்துக்கும் காலக்கெடு கிடையாது.

முதல்முறை வரும்போது பழைய எக்ஸ்-ரேக்களையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கொண்டு வாருங்கள். கூடவே, உங்கள் அன்றாட வேலையில் இந்தக் கையால் செய்ய முடியாத மூன்று நான்கு வேலைகளை ஒரு தாளில் எழுதி வாருங்கள்: சட்டைப் பொத்தான் போடுவது, சோறு பிசைவது, மண்வெட்டி பிடிப்பது, கைபேசியைத் தொடுவது என்று எதுவாக இருந்தாலும் சரி. எந்த அறுவையை முதலில் செய்வது என்பதை மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார்.